செய்தவரும் செய்வித்தவரும்



மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது கருத்தாவை இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறோம். ‘கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது’ என்பதில் கரிகாலன் ஏவுதற் கருத்தா. ‘கொத்தனாரால் சுவர் கட்டப்பட்டது’ என்பதில் கொத்தனார் இயற்றுதற் கருத்தா. இது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தியன்று. இன்றைய தொழிலுலகை விளங்கிக்கொள்ளவும் துணைபுரிவது.

கணினிச் சில்லை எடுத்துக்கொள்வோம். 1968இல் தோன்றிய இன்டெல் நிறுவனம் நெடுங்காலம் தன் செயலிகளைத் தானே வடிவமைத்து, தன் ஆலைகளிலேயே செய்துவந்தது. 2024இல் அது வெளியிட்ட லூனார் லேக் செயலியிலோ, கணிக்கும் பகுதியைத் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் 3 நானோமீட்டர் நுட்பத்தில் செய்து கொடுத்தது. பகுதிகளை ஒன்றிணைக்கும் பணியை இன்டெல் தன்னிடமே வைத்துக்கொண்டது. மோரிஸ் சாங் 1987இல் நிறுவிய டிஎஸ்எம்சி தன் பெயரில் சில்லு விற்பதில்லை. பிறர் வடிவமைத்ததைச் செய்து கொடுப்பதே அதன் தொழில். இத்தகைய ஆலையை வார்ப்பகம் என்கிறோம். அங்கே உலோகம் உருக்கி வார்க்கப்படுவதில்லை. சிலிக்கான் தகட்டில் ஒளியால் கோலம் பதிக்கப்படுகிறது. ஆயினும் உரு பிறருடையது, ஆக்கம் தன்னுடையது என்னும் பழைய உறவு நிலைத்திருப்பதால் பெயர் பொருந்துகிறது.

‘இன்டெல் இச்செயலியைச் செய்தது’ என்பது இலக்கணப் பிழையன்று. எனினும் செய்தல், செய்வித்தல் எனப் பிரித்துரைக்கும் வாய்ப்பு தமிழில் உண்டு. ‘வி’ என்னும் ஒரு விகுதி, ஏவியவர் யார், உழைத்தவர் யார் எனக் காட்டிவிடுகிறது. அவுட்சோர்சிங்குக்கு அயலாக்கம் என்னும் கலைச்சொல் வழங்குகிறது. அதனை வகுப்பில் சொல்லுமுன் ‘வெளியாரைக் கொண்டு செய்வித்தல்’ என்று விளக்கினால் பொருள் தானே புலப்படும்.

பேராக் மக்களாகிய நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ‘துரை போட்ட தோட்டம்’ என்று கேட்டு வளர்ந்தோம். அத்தோட்டங்களில் களையெடுத்தும் பால் வெட்டியும் உழைத்தோர் நம் முன்னோர். பின்னர் ஒப்பந்தக்காரர் வழி ஆள் வைக்கும் முறை பரவியபோது, கூலி குறைந்தால் யாரைக் கேட்பது, காயம்பட்டால் யாரைக் கேட்பது என்னும் வினா எழுந்தது. ஏவுதற் கருத்தா மறைந்துகொள்ளும் இடம் அதுவே. இன்று ஈப்போவில் கார்செம், யூனிசெம் ஆகிய நிறுவனங்கள் பிறருடைய சில்லுகளுக்கு உறையிட்டுச் சோதித்துத் தருகின்றன. அவ்வுழைப்பும் கடைப்பொருளின் மேல் பெயராகத் தெரிவதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, கல்லணையின் பக்கத்தில் இச்சில்லையும் எடுத்துக்காட்டாக வையுங்கள். ‘யாரால் செய்யப்பட்டது?’ என்று வினவி, வடிவமைத்தவர், வார்த்தவர், உறையிட்டவர், சோதித்தவர் எனத் தனித்தனியே விடை எழுதச் செய்யுங்கள். பிறகு ‘தோட்டம் விற்கப்பட்டது; வீடுகள் காலி செய்யப்பட்டன’ என்னும் தொடர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ‘ஆல்’ உருபு ஏற்ற சொல் இவற்றில் இல்லை. அது எங்கே போயிற்று என்று ஒரு மாணவர் கேட்பாராயின், வேற்றுமைப் பாடம் அவருக்கு வாழ்நாள் முழுதும் பயன்படும்.