பஞ்சாயத்தார் கையெழுத்து
(மாநாட்டுத் தலைமை உரை)

குமரகுருபரர் மரபில் வந்த காசி மடம் விளங்கும் திருப்பனந்தாளில், சட்டத்துறையினரும் வரலாற்றுத்துறையினரும் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்கப் பணித்தமை எனக்குப் பெரும்பேறு. என்னிலும் மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நெஞ்சில் சற்றுப் படபடப்போடுதான் நிற்கிறேன்.

‘காவல்துறை நடவடிக்கையால் நேரும் மரணங்கள்: விசாரணை நடைமுறைகள்’ என்பது பொருள். காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 1993இல் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது, 2006இல் நடைமுறைக்கு வந்த அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(1ஏ) பிரிவு, பி.யு.சி.எல். வழக்கில் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த 16 நெறிகள் ஆகியவற்றை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டுரையாளர்கள் அவற்றை விரித்துரைப்பார்கள்.

நான் பேச விரும்புவது பிரேத விசாரணை அறிக்கையைப் பற்றி. அக்கம்பக்கத்தார் இருவரேனும் உடனிருக்க, காயம், எலும்பு முறிவு, கன்றிய தழும்பு ஒவ்வொன்றையும் உடலைப் பார்த்து எழுதி, பஞ்சாயத்தாரான அவர்களின் கையெழுத்து வாங்கும் அந்தச் சில தாள்களை நம் ஆய்வாளர்கள் புரட்டுவதே இல்லை. விசாரணை கமிஷன் அறிக்கையே தலையாய சான்று என்று நெடுநாளாக வாதிட்டுவரும் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க மாட்டேன். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் கமிஷனின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போராட்டக்காரர்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் மாண்டனர். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் கமிஷனின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2022 அக்டோபரில். நான்கு ஆண்டுக்குமேல் கழித்து வரும் தாளையா முதற்சான்று என்பது?

சாத்தான்குளத்தைப் பாருங்கள். 2020 ஜூனில் காவலில் இருந்த தந்தையும் மகனும் மாண்டபின் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் காவல் நிலையத்துக்குள்ளேயே அவமதிக்கப்பட்டார். லத்திகளைக் கேட்டபோது தயங்கினார்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்ததை ஒரு பெண் தலைமைக் காவலர் அஞ்சியபடியே அவரிடம் சொன்னார். இத்தனையும் எழுத்தில் ஏறியது, சில நாள்களுக்குள் ஒரு நடுவர் நேரில் போய் நின்றதனால்தான். சான்று அழியாதிருக்க அந்த நிலையத்தையே வருவாய்த்துறை வசம் ஒப்படைக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும் அதன் தொடர்ச்சியே.

வருவாய்த்துறையால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். காவலரால் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்ததாகப் புகார் வந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரிக்க வழிசெய்யும் காவல் நிலையாணை 151ஐ வெறும் வெள்ளைக்காரன் காலத்து மிச்சம் என்று தள்ளிய கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. காவல்துறைக்கு வெளியே ஓர் ஆள் வந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் துப்பாக்கிச் சூட்டில் அந்த ஆள் வெளியாள் அல்லர். தூத்துக்குடியில் சுட உத்தரவிட்டவர்கள் துணை வட்டாட்சியர்கள் என்றுதான் முதல் தகவல் அறிக்கைகள் சொல்லின. உத்தரவிட்ட துறையின் மேலதிகாரியே அந்த உத்தரவு சரியா என்று ஆராய்ந்தால், செத்தவர் வீட்டார் அதை எப்படி நம்புவார்கள்? 176(1ஏ) நீதித்துறை நடுவர் விசாரணையைக் கட்டாயமாக்கியது காவலில் நேரும் மரணத்துக்கு மட்டுமே. தெருவில் குண்டடி பட்டுச் செத்தவர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார். 2014 நெறிகள் நடுவர் விசாரணை வேண்டும் என்றன. எந்த நடுவர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் டெல்டாவுக்கே வருகிறேன். விவசாயிகள் இயக்கப் போராளிகளான வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950 மே மாதத்தில் போலீஸ் குண்டுக்கு இரையானார்கள். நாம் அவர்களைத் தியாகிகளாகப் போற்றி நிறைய எழுதினோம், எழுதத்தான் வேண்டும். அந்த உடல்களைப் பார்த்து எழுதியவர் யார், உடனிருந்த ஊரார் யார், குண்டு முன்னாலிருந்து பாய்ந்ததா பின்னாலிருந்தா, இவற்றை யார் தேடினோம்? இயக்க வரலாறு எழுதிய நண்பர்கள் என்மீது வருந்தக்கூடாது. குண்டு பாய்ந்த திசை தெரியாமல் அது மோதலா கொலையா என்று எப்படித் தீர்ப்பது?

ஆகவே இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். காவலர் செயலால் நேரும் எந்த மரணமானாலும், காவலுக்குள்ளோ வெளியிலோ, பிரேத விசாரணையை நீதித்துறை நடுவரே நடத்த வேண்டும். அறிக்கையின் நகலும் உடற்கூறாய்வுக் காணொளியும் தாமதமின்றிக் குடும்பத்தார் கைக்குச் சேர வேண்டும். நடுவர்களுக்கு வேலைப்பளு என்று மறுப்புரை வரும் என அறிவேன். உடல் எரிந்தபின் எந்த நடுவரும் பார்க்க ஒன்றும் இராது என்பதே அதற்கு என் விடை. மறுப்போர் பிற்பகல் அமர்வில் பேசட்டும். நான் அங்கே இருப்பேன்.