மெஷின் நிற்கும் நேரத்தை எழுதி வையுங்கள்

(சிறுதொழில் செய்வோருக்கான கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பாதிப் பேர் கையில் போன் இருக்கிறது. உள்ளே வைக்கச் சொல்ல மாட்டேன். பேச்சு முடிவதற்குள் அது ஒரு வேலைக்குத் தேவைப்படும்.

முதலில் ஒரு கேள்வி. நேற்று உங்கள் பட்டறையில், தையல் யூனிட்டில், மாவு மில்லில், மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது? ஷட்டர் எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்று கேட்கவில்லை. மெஷின் உண்மையிலேயே வேலை செய்த நேரம் எவ்வளவு?

உடனே யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லைங்க, என் அப்பாவுக்கும் தெரியாது.

அப்பா கோவை கணபதியில் மூன்று லேத் வைத்து, மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவு எட்டு மணிக்குத்தான் இறக்குவார். உழைப்புக்குக் குறைச்சல் இல்லை. ஆர்டருக்கும் குறைச்சல் இல்லை. ஆனால் கையில் காசு நிற்காது. ஒரு கல்லூரி விடுமுறையில் நான் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்தேன். லேத் எப்போது நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்று ஒரு வாரம் எழுதினேன். அப்பா சிரித்தார். "ஏன்டா, இதைப் படிக்கத்தான் காலேஜுக்கு அனுப்பினேனா?" என்றார்.

வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தோம். பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு லேத் ஆறு மணி நேரம்கூட ஓடவில்லை. கரண்ட் கட் அதில் ஒரு பங்குதான். அளவு பார்க்கும் வெர்னியர் ஒன்றே ஒன்று இருந்தது, அதை மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டூலைத் தேடினார்கள். ராடு வந்து சேரவில்லை. அளவு தப்பிய ஜாப்பை மறுபடி கடைந்தார்கள். எல்லாவற்றையும்விட அதிகம் எது தெரியுமா? அப்பா பில் வசூலுக்கும் பேங்க்குக்கும் ஆபீசுக்கும் அலைந்த நேரம். "மொதலாளி வந்து டிராயிங் சொல்லட்டும்" என்று ஆட்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி மறுபடி மறுபடி பார்த்தார்.

உற்பத்தித்திறன் என்றால் என்ன?

பெரிய வார்த்தை. விஷயம் எளிது. அதே ஆள், அதே மெஷின், அதே நேரம், அதே சரக்கு. இவற்றை வைத்து விற்கக்கூடிய பொருள் எவ்வளவு வெளியே வருகிறது? அதுதான் உற்பத்தித்திறன். கூடுதல் நேரம் உழைத்து கூடுதலாகச் செய்வது இதில் சேராது. வளரும் நாடுகளில் மக்கள் உழைக்காமல் இல்லை. நம் ஊர்ப் பட்டறைக்காரரைவிட நீண்ட நேரம் வேலை பார்ப்பவர் உலகில் எத்தனை பேர்? உழைப்புக்கும் பொருளுக்கும் நடுவில் எங்கே ஒழுகுகிறது என்பதுதான் கேள்வி.

"புது மெஷின் வாங்கினா சரியாயிடும்" என்பார்கள். சில நேரம் சரியாகும். ஆனால் வெர்னியருக்காகக் காத்திருக்கும் பட்டறையில் நான்காவது லேத் வந்தால், காத்திருப்பவர் மூன்றுக்குப் பதில் நான்கு பேர். அவ்வளவுதான்.

மும்பைக்கு அருகே நடந்த ஒரு சோதனை

2008-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் உலக வங்கியும் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் மும்பைக்கு அருகிலுள்ள தாராபூர், உம்பர்காவ் பகுதிகளின் நெசவு ஆலைகளுக்குப் போனார்கள். 17 நிறுவனங்கள், 28 ஆலைகள். எல்லாம் குடும்பத் தொழில்கள். ஆலைக்குள் போனால், நூல் மூட்டைகள் எங்கே எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கருவிகள் சிதறிக் கிடக்கும். தறி பழுதானால்தான் கவனிப்பார்கள், அதுவரை தொட மாட்டார்கள். நெய்த துணியில் உள்ள குறைகளைப் பார்த்துச் சரிசெய்யவே நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் எந்தத் தறியில், எந்த டிசைனில் குறை அதிகம் வருகிறது என்ற கணக்கு இருக்காது.

சில ஆலைகளுக்கு மட்டும் நிர்வாக ஆலோசகர்களை இலவசமாக அனுப்பினார்கள். அவர்கள் புதுத் தறி எதையும் வாங்கித் தரவில்லை. குறைகளைத் தினமும் எழுதச் சொன்னார்கள். அதை வைத்துத் தினமும் கொஞ்ச நேரம் கூடிப் பேசச் சொன்னார்கள். தறி நிற்பதற்கு முன்பே பராமரிக்கச் சொன்னார்கள். நூலுக்கு லேபிள் ஒட்டி வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். இப்படி 38 நடைமுறைகள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. துணியில் குறை குறைந்தது. தேங்கிக் கிடந்த சரக்கும் குறைந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நிறுவனங்கள் மற்றவற்றைவிட அதிகமாகப் புது ஆலைகளைத் திறந்தன.

இவ்வளவு எளிய வேலையை முன்பே ஏன் செய்யவில்லை? பலர் சொன்ன பதில்: "எங்க ஆலை நல்லாத்தானே ஓடுது!" பக்கத்து ஆலையும் அப்படியே ஓடுவதால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இல்லை. நம் அப்பாக்களும் நாமும் இதையேதான் சொல்கிறோம்.

இன்னொரு காரணமும் தெரிந்தது. முதலாளிகள் குடும்பத்து ஆண்களைத் தவிர வேறு யாரையும் நம்பிப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. அதனால் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்களோ, தொழில் அந்த அளவோடு நின்றது. சூப்பர்வைசரிடம் சாவியையும் கணக்கையும் கொடுக்கத் துணிந்தால்தான் இரண்டாவது யூனிட். வீட்டில் மகளும் மருமகளும் படித்துவிட்டு இருக்கிறார்களே, அவர்களிடம் கொடுக்கலாமே என்று நான் சொல்வேன்.

சில ஆண்டுகள் கழித்து அதே ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ஆரம்பித்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மேனேஜர் மாறினார், முதலாளிக்கு நேரமில்லை. ஆனாலும் அந்த ஆலைகள் மற்றவற்றைவிட முன்னாலேயே இருந்தன. நல்ல பழக்கம் தானாக நிற்காது, யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் கையில் இல்லாதவை

எல்லாக் குறையையும் பட்டறைக்காரர் தலையில் போட்டால் நியாயம் இல்லை. 2012 வாக்கில் கோவையில் பல மணி நேர மின்வெட்டு இருந்தது உங்களுக்கே நினைவிருக்கும். இந்தியத் தொழிற்சாலைகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வில், மின்பற்றாக்குறையால் சராசரி ஆலைக்கு வருமானத்தில் 5 முதல் 10 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. பெரிய ஆலை ஜெனரேட்டர் வைத்துச் சமாளிக்கும். மூன்று லேத் பட்டறைக்கு டீசல் விலை கட்டுப்படியாகாது. அதனால் அடி சின்னவருக்குத்தான் பலமாக விழும்.

வெயிலும் அப்படியே. பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைகளில், வெப்பம் ஏறும் நாட்களில் தையல்காரர்களின் வேலை குறைவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கரண்ட் பில்லைக் குறைக்க ட்யூப் லைட்டை எடுத்துவிட்டு எல்இடி போட்டபோது, விளக்கின் சூடு குறைந்து, அந்த இழப்பின் பெரும்பகுதி நின்றுபோனது. கரண்டில் மிச்சம் பிடிக்க நினைத்தார்கள், வேலையிலும் லாபம் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தைக்கும் அக்காவுக்கு ஒரு ஃபேனும் குடிநீரும் கொடுப்பது தர்மம் மட்டுமல்ல, தொழில் கணக்கும்தான்.

அலைச்சலும் ஒரு செலவுதான்

முதலாளி ஒரு நாள் ஆபீசுக்குப் போனால், பட்டறைக்கு ஒரு நாள் போச்சு. சின்னத் தொழிலில் முதலாளிதான் டிசைனர், சூப்பர்வைசர், கணக்குப்பிள்ளை எல்லாம். அதனால்தான் அரசு சேவைகள் போனுக்கு வருவதை உற்பத்தித்திறன் விஷயமாகவே நான் பார்க்கிறேன்.

உத்யம் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூலை 1-லிருந்து இருக்கிறது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், காகிதம் எதுவும் ஏற்றத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. "உத்யம் போட்டுத் தர்றோம், பணம் கட்டுங்க" என்று விளம்பரம் செய்யும் தனியார் தளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். போனில் சிரமமாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் உதவி கேளுங்கள்.

அதே நேரம், ஒன்றை அதிகாரிகளுக்கும் சொல்கிறேன். வரிசை நிற்பதை ஆபீஸ் வாசலிலிருந்து எடுத்து, ஓடிபி வராத திரைக்கு மாற்றினால் அது சேவை ஆகாது. மனு கொடுத்தவருக்கு அது எந்த மேஜையில் இருக்கிறது, எத்தனை நாளில் முடியும் என்று தெரிந்தால்தான் அவர் நிம்மதியாகப் பட்டறைக்குத் திரும்புவார்.

45 நாள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அப்பாவின் நோட்டில் மிகப் பெரிய ஓட்டை, பில் வசூல்.

ஒரு பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம், சரக்கை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்துப் பணம் கொடுக்கும். அதுவரை ராடு வாங்கக் கந்துவட்டி. சம்பளத்துக்கு அம்மாவின் வளையல். கேட்டால், "அடுத்த வாரம் வாங்க." அப்பா கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அடுத்த ஆர்டர் வராது. டூல் வாங்கப் பணமில்லாமல் பழைய டூலையே சாணை பிடித்து ஓட்டினோம், ரிஜெக்ஷன் கூடியது. வெர்னியர் ஏன் ஒன்றே ஒன்று இருந்தது என்பதற்கும் விடை இங்கேதான். கடைசியில் மூன்றில் இரண்டு லேத்தை விற்றோம். அந்த நாளில்கூட வாங்கியவர் பில் பாக்கி இருந்தது.

எங்களுக்கு அப்போது தெரியாதது ஒன்று இருந்தது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். அது என்ன சொல்கிறது? குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

தராவிட்டால் வசதியாக்க மன்றத்திடம் இணையத்திலேயே மனு கொடுக்கலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் துணைக்கு வந்திருக்கிறது. உரிய நாளுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் வரை செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடியாது.

"கம்ப்ளெயின்ட் பண்ணினா ஆர்டர் போயிடுமே சார்?" கேட்பீர்கள். நியாயமான பயம். எனக்கும் இதற்கு முழுப் பதில் கிடையாது. ஆனால் மனு கொடுப்பதற்கு முன்னால் செய்யக்கூடியவை உண்டு. ஆர்டர் எடுக்கும் முன்பே உத்யம் பதிவு இருக்கட்டும். பில்லில் அந்த எண்ணை அச்சிடுங்கள். சரக்கு போய்ச் சேர்ந்த தேதிக்குக் கையெழுத்து வாங்குங்கள், போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எண் இருக்கும் பில்லைப் பார்த்தாலே கணக்குப் பிரிவில் அதைத் தனியாக எடுத்து வைக்கும் கம்பெனிகள் உண்டு. எல்லா ஆர்டரையும் ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். ஒருவரையே நம்பி இருப்பவரால் வாய் திறக்க முடியாது.

இன்று செய்ய வேண்டியது

இப்போது போனை எடுங்கள். புதிதாக எந்த ஆப்பும் வேண்டாம். அதில் ஏற்கெனவே இருக்கும் நோட்ஸைத் திறந்து நான்கு தலைப்பு எழுதுங்கள்: எப்போது நின்றது, எவ்வளவு நேரம், ஏன், யார் சரிசெய்ய முடியும். ஒரு வாரம் மட்டும் எழுதுங்கள். ஆட்களையும் எழுதச் சொல்லுங்கள். திட்டுவதற்காக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திட்டு விழும் என்றால் உண்மையை யாரும் எழுத மாட்டார்கள்.

வாரக் கடைசியில், "நம்மால் சரிசெய்ய முடியும்" என்ற பட்டியலில் முதலில் இருப்பதை மட்டும் சரிசெய்யுங்கள். ஒரு வெர்னியராக இருக்கலாம், சுவரில் டூல் மாட்ட ஒரு பலகையாக இருக்கலாம். "அரசு சரிசெய்ய வேண்டும்" என்ற பட்டியலோடு மனு கொடுங்கள். "எப்பவும் கரண்ட் இல்லை" என்ற மனுவைவிட, "இந்த மாதம் இத்தனை நாள், இத்தனை மணி நேரம்" என்ற மனுவைத் தள்ளி வைப்பது கஷ்டம்.

அப்பா மிச்சமிருந்த ஒரு லேத்தை இன்னும் பன்னிரண்டு வருடம் ஓட்டினார். அந்த ஒரு லேத்துக்கு இரண்டு வெர்னியர் வைத்திருந்தார். சுவரில் ஒரு நோட்டு தொங்கும். பட்டறையை மூடிய நாளில் சாமான்களை எல்லாம் கொடுத்துவிட்டு, அந்த நோட்டை மட்டும் என் கையில் கொடுத்தார். "இதை ஆரம்பத்துலயே எழுதியிருக்கலாம்டா" என்றார்.

நீங்கள் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.