காட்சிக் கோப்பும் சூழொலியும்



கண் முன்னே உள்ளதைக் காணும். செவியோ நாற்புறமும் கேட்கும். இடப்புறத்து எழும் ஒலி இடச்செவியை முதலில் அடைகிறது. வலச்செவியை அடைய, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த காலம் தாழ்கிறது. அச்சிறு வேறுபாடும், ஒலி வலிமையின் வேறுபாடும், செவிமடலின் அமைப்பும் நமக்குத் திசையை உணர்த்துகின்றன. இவ்வியல்பினை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே சூழொலிக் கலை.

1931ஆம் ஆண்டில் ஆலன் புளூம்லீன் என்னும் ஆங்கிலப் பொறியியலார் இரு தடங்களில் ஒலியைப் பதியும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1940இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'பேண்டேசியா' திரைப்படம், அரங்கின் பல புறங்களிலிருந்தும் இசையை எழச் செய்தது. செலவு மிகுந்தமையால் அம்முறை சில அரங்குகளோடு நின்றது. 1992இல் டால்பி டிஜிட்டல் முறை திரையரங்கிற்கு வந்தது. முன்புறம் மூன்று, பக்கங்களில் இரண்டு, தாழ்ந்த அதிர்வுகளுக்கென ஒன்று என ஆறு தடங்கள். ஆறாவது தடம் முழு ஒலியையும் தாங்காது. ஆதலின் அதனை 5.1 என வழங்குகிறோம்.

இனி, கையிலுள்ள காட்சிக் கோப்பைச் சூழொலியாக மாற்றுவது எவ்வாறு? கோப்பு என்பது ஒரு பெட்டி போன்றது. அதனுள் காட்சியும் ஒலியும் தனித்தனியே இருக்கின்றன. முதலில், ஒலித்தடங்கள் எத்தனை என்று பாருங்கள். எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருள் இதனைக் காட்டும். ஆறு தடங்கள் முன்னரே இருப்பின், அவற்றை மாற்றாது அப்படியே பிரித்தெடுத்தல் நலம். மீண்டும் சுருக்கினால் ஒலியின் நுட்பம் குறையும். எவ்வளவு சுருங்குகிறது என்று கணக்கிடுவோம். நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட்டுகள், ஆறு தடங்கள். ஆக நொடிக்கு 46,08,000 பிட்டுகள். டிவிடி தட்டில் ஏசி-3 வடிவம் இதனை மிகுதியாக 4,48,000 பிட்டுகளில் அடக்குகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு! நம் செவி உணராதவை எனக் கருதப்படுபவை விலக்கப்படுகின்றன. விலக்கியவை திரும்ப வாரா.

இரு தடங்களே இருப்பின்? இரண்டிற்கும் பொதுவான ஒலியை நடுவிலும், வேறுபடும் ஒலியைப் பக்கங்களிலும் மென்பொருள் பகிர்ந்தளிக்கும். ஆயின் இது பங்கீடே ஆகும், புதிய படைப்பன்று. நான்கு தடங்களை இரண்டில் பொதிந்து வைத்த பழைய டால்பி ஸ்டீரியோ படங்களில் மட்டும், பொதிந்ததைப் பெரும்பாலும் மீட்கலாம்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், தம் பாட்டனார் ஆடிய தெருக்கூத்தின் காட்சிக் கோப்பைக் கொணர்ந்தார். பாட்டனார் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. கோப்பில் இரு தடங்கள். அதனை ஆறாக்கிய பின், கைப்பேசியில் இடமில்லை என்று மூலத்தை அழித்துவிட எண்ணினார். "தம்பி, உன் பாட்டனார் குரல் இவ்விரு தடங்களில்தான் இருக்கிறது. மற்றவை கணிப்பொறி வகுத்த பங்கு. நாளை இதனினும் சிறந்த கருவி வரும். அப்பொழுது அதற்கு எதைக் கொடுப்பாய்?" என்று கேட்டேன். அவர் மூலத்தை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்தார். புதிய கோப்பிற்கு, 'இரு தடங்களிலிருந்து விரித்தது' என்று பெயரும் இட்டார். அப்பெயரே எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. கேட்போர் எதனைக் கேட்கின்றனர் என்பதை அறிந்து கேட்பர் அல்லவா?

மாணவர்களே, விரித்துக் கேட்டு மகிழுங்கள், அதில் தவறில்லை. ஆனால் மூலத்தைக் காப்பாற்றுங்கள். விரித்ததை விரித்தது என்றே சொல்லுங்கள். உங்கள் ஊரிலும் பதிவு பெறாத குரல்கள் பல உண்டு. அவற்றை இன்றே நன்கு பதிவு செய்யுங்கள். பதியாத ஒலியை எந்தக் கருவியும் பின்னர் மீட்டுத் தராது.