இனிப்பு நீர் கண்ட தாயும் தாய்ப்பாலும்



ஈஜோக், ஜெராம், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பக்கங்களில், பிள்ளை பெற்று வீடு திரும்பிய பெண்ணைப் பார்க்கப் போனால் நம் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "வயிற்றில் இருக்கும்போது இனிப்பு நீர் என்றார்கள், டீச்சர். பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது. இனி ஒன்றுமில்லை" என்பார்கள். அடுத்த மூச்சில், "சர்க்கரை கண்ட உடம்பு, இவள் பாலைக் குடித்தால் பிள்ளைக்கும் வரும், மாவுப்பால் கலக்கிக் கொடு" என்று வீட்டுப் பெரியம்மா சொல்வார். இரண்டும் தவறு. இரண்டாலும் நட்டப்படுபவள் அந்தத் தாய்தான்.

கருவுற்ற காலத்தில் நச்சுக்கொடியிலிருந்து ஊறும் சில சுரப்பு நீர்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. கணையம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அது முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. நச்சுக்கொடி விழுந்ததும் சுமை இறங்குகிறது, சர்க்கரையும் பெரும்பாலோருக்கு இறங்குகிறது. பழம் ஏற்றிய லாரி மேட்டில் திணறிவிட்டுச் சமதரையில் நன்றாக ஓடினால், இயந்திரம் பழுதில்லை என்று எந்த டிரைவராவது சொல்வாரா? இப்படிச் சர்க்கரை கண்ட பெண்களுக்குப் பின்னாளில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்று 2009-லும், ஏறக்குறைய பத்து மடங்கு என்று 2020-லும் வந்த ஆய்வுத் தொகுப்புகள் காட்டின.

இனி பாலுக்கு வருவோம். இனிப்பு நீர் தொற்றும் நோயன்று. பால் வழியாகப் பிள்ளைக்குப் போவதில்லை. உண்மையில் இந்தப் பிள்ளைக்குத்தான் பால் சீக்கிரம் வேண்டும். தாயின் சர்க்கரைக்கு ஈடாக வயிற்றிலேயே இன்சுலினை அதிகம் சுரந்து பழகிய பிள்ளைக்கு, தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை திடீரென்று குறையலாம். ஆகவே பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் மார்பில் போட வேண்டும். மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடக் கூடாது. சில தாய்மார்களுக்குப் பால் கட்ட ஓரிரு நாள் தாமதமாகும். பயப்படாமல் சப்பக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மருத்துவர் வேறு பால் கொஞ்சம் கொடுக்கச் சொன்னாலும் மார்பை நிறுத்தக் கூடாது. பால் ஊறட்டும் என்று இனிப்பு மால்ட் பானத்தைக் கோப்பை கோப்பையாகத் தாய்க்குக் கொடுக்கிறோமே, அது வேண்டாம். பால் ஊறுவது பிள்ளை சப்புவதால், சீனியால் அன்று. பத்தியத்தில் பூண்டும் மீனும் இருக்கட்டும்; குடிக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். டின்னில் அடைத்த இனிப்புப் பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்றதென்று சொல்லி விற்பதை அவர் கொலை என்றே சொன்னார். அன்று பேச்சு குழந்தையைப் பற்றியது. இன்று தாயையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. கர்ப்பத்தில் சர்க்கரை கண்ட சுமார் ஆயிரம் பெண்களைக் கலிபோர்னியாவில் இரண்டாண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். தாய்ப்பாலை மட்டுமே கொடுத்தவர்களுக்கு நீரிழிவு வந்தது, மாவுப்பால் மட்டுமே கொடுத்தவர்களுக்கு வந்ததில் ஏறக்குறைய பாதிதான். பால் சுரக்க உடம்பு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி செலவழிக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பாதியாகக் குறையுமே தவிர, இல்லாமல் போகாது. நமக்குத் தெரிந்த ஒரு தாய் ஆறாம் வாரச் சோதனைக்குப் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போக வீட்டுக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று இருந்துவிட்டார். அந்தப் பிள்ளை நம்மிடம் நான்காம் ஆண்டு படிக்கும்போது, அம்மாவின் கால் புண் ஆறவில்லை. அப்போதுதான் சர்க்கரை தெரிந்தது. எத்தனை ஆண்டுகளாக இருந்ததோ!

ஆறாம் வாரம் என்பது 42-ஆம் நாள். பிரசவ விடுமுறை 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருப்பதால், தாயின் சம்பளத்துக்குக் குறைவில்லை. வீட்டுக்காரர் வர முடியாவிட்டால் மாமியாரோ அண்டை வீட்டு அக்காவோ துணைக்குப் போகலாம். இரவு சாப்பாட்டுக்குப் பின் தண்ணீர் தவிர வேறொன்றும் உண்ணாமல் காலையில் கிளினிக்குக்குப் போக வேண்டும். இரத்தம் எடுத்து, சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். பிள்ளையையும் தூக்கிப் போங்கள். காத்திருக்கும் நேரத்தில் பால் கொடுக்கலாம். சோதனை நன்றாக வந்தாலும் ஆண்டுக்கொரு முறை போக வேண்டும். கர்ப்பக் காலப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.