பெட்டி இருக்கட்டும், அறை எப்படி?



ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "உங்க வீட்ல எத்தனை சேனல்?" ஒருவர் 7.1.4 என்பார். இன்னொருவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தி 9.1.6 என்பார். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் இலையில் இருக்கும் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தால், அவர் வீட்டில் ட்ரின்னோவ் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் பல ஆண்டுகளாக வீடுகளில் இந்தக் கருவிகளுக்கு ஒலி சரிசெய்து கொடுக்கிறவன். தொழிலில் கேலிப்ரேஷன் என்பார்கள். பெட்டியை விற்கிற ஆள் இல்லை. விற்ற பிறகு கூப்பிடுகிற ஆள். சொந்தக்காரர்கள் ஊருக்குச் சொல்கிற அபிப்பிராயம் ஒன்று, கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொல்கிற அபிப்பிராயம் இன்னொன்று. இரண்டாவதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

சரவுண்ட் ப்ராசஸர் என்றால் என்ன என்று அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஒலி, எந்த நேரத்தில், எவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டி அது. ஆம்ப் தனியாக வெளியே இருக்கும். ட்ரின்னோவ் பாரிஸ் பக்கத்தில் 2003இல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய ஆல்டிட்யூட் 32 என்ற ப்ராசஸர் 2014இல் வந்தது. பெயரிலேயே இருக்கிறது, 32 சேனல். விலையைக் கேட்டால் அந்தப் பணத்துக்கு நல்ல கார் ஒன்றே வாங்கலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது தப்பில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு கணினி. இன்டெல் ப்ராசஸர், லினக்ஸ். அதனால் ஒரு லாபம் உண்டு. அந்தப் பெட்டி வெளிவந்தபோது டிடிஎஸ் எக்ஸ் என்ற ஒலி வடிவம் கடைக்கே வரவில்லை, அது 2015இல்தான் அறிமுகமானது. ஆனாலும் ஆரம்பத்தில் வாங்கியவர்களுக்குப் பின்னால் அது மென்பொருளாகவே வந்து சேர்ந்தது. "பத்து வருஷத்துக்குப் பெட்டியை மாத்த வேண்டாம்" என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். நியாயமான பெருமை.

ஆனால் "சவுண்டு எப்படி?" என்று கேட்டவுடன் பேச்சு திசைமாறிவிடும். ஒருவர் "பேஸ் அப்படியே நெஞ்சில இடிக்குது" என்பார். அதே பெட்டியை வைத்திருக்கும் இன்னொருவர் "பேஸே இல்ல சார்" என்பார். ஒருவர் வசனம் துல்லியம் என்பார், மற்றவர் சப்டைட்டில் போட்டுத்தான் படம் பார்க்கிறேன் என்பார். ஒரே பெட்டி, ஒரே மென்பொருள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான். அவரவர் அறையைப் பற்றிப் பேசுகிறார்கள். இதை நான் இன்னொரு தடவையும் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: சொந்தக்காரர் சொல்கிற அபிப்பிராயத்தில் பாதிக்கு மேல் அறையைப் பற்றிய அபிப்பிராயம்.

அதிலும் வெளிநாட்டுக்காரர் அபிப்பிராயத்தைப் படித்துவிட்டு இங்கே வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. கீழ்ச்சுருதி ஒலி பட்டால் அந்தச் சுவர் லேசாக அசைந்து கொடுக்கும். பேஸில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும், இன்னொரு பங்கு வெளியே கசிந்து போய்விடும். நம் ஊரில்? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே வழவழவென்று டைல்ஸ். போன பேஸ் போன வேகத்திலேயே திரும்பி வரும். டெக்சாஸில் இருக்கிற ஒருவர் "எனக்கு நாலு சப்வூஃபர் போதவில்லை" என்று சொன்னதை நம்பி, அண்ணா நகரில் 14 அடி அறைக்குள் நாலு பதினெட்டு அங்குல சப்வூஃபரை இறக்கினால் பக்கத்து வீட்டு அலமாரிப் பாத்திரங்கள்தான் முதலில் கருத்துச் சொல்லும்.

கணக்கு எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 14 அடி நீள அறையில் 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்றுவிடும். 10 அடி உயரக் கூரைக்கு 56 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதிகளில் அறையின் சில இடங்களில் பேஸ் வீங்கும்; வேறு இடங்களில் காணாமல் போகும். சோபாவைப் பின்சுவரில் ஒட்டிப் போட்டிருந்தால் வீக்கம் எல்லாம் உங்கள் தலைக்கு வரும். அறைக்கு நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த 40 ஹெர்ட்ஸ் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. வீக்கத்தை ப்ராசஸர் குறைத்துவிடும், அழகாகவே குறைக்கும். பள்ளத்தை நிரப்ப அதனால் முடியாது. 10 டெசிபல் ஏற்ற ஆம்ப் பத்து மடங்கு பவர் தர வேண்டும். தந்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

ஒரு வீட்டில் இதற்காக நான் சப்வூஃபரைத் தூக்கி சோபாவின்மேல் வைத்துவிட்டு, ஒரே ஒரு பேஸ் கிடார் மெட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தேன். இது எங்கள் தொழிலில் பழைய வழி. எந்த மூலையில் மெட்டு ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்தால் சோபாவிலும் அப்படியே கேட்கும். வீட்டுக்காரரின் அம்மா காபியோடு வந்தார். "என்ன தம்பி தொலைச்சீங்க?" என்று கேட்டார். கதவுப்பக்கத்துச் சுவரின் நடுவில் அந்த இடம் கிடைத்தது. சோபாவையும் இரண்டடி முன்னே இழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகுதான் அளவெடுக்கும் மைக்கையே வெளியே எடுத்தேன். அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரர் தம் நண்பரிடம், புதிய சாஃப்ட்வேர் அப்டேட் வந்ததிலிருந்து பேஸ் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். சொல்லிக்கொள்ளட்டும்.

இப்போது அந்த மைக்குக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் இந்தப் பேச்சுக்கு நான் ஒப்புக்கொண்டதே அந்த மைக்கைப் பற்றிப் பேசத்தான்.

பெரும்பாலான ரிசீவர்களோடு ஒரு சின்ன மைக் வரும். அதற்குக் காது ஒன்று. ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அது கண்டுபிடிக்கும். எந்தத் திசையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் இடது பக்க ஸ்பீக்கரை எங்கே மாட்டியிருந்தாலும், விதிப்புத்தகத்தில் சொன்ன இடத்தில் இருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். ட்ரின்னோவ் மைக்கில் நாலு காது. நாலும் ஒரே மட்டத்தில் இல்லை. மூன்று கீழே, ஒன்று மேலே. ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி நாலு காதுக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேராது. 10 சென்டிமீட்டர் கடக்க ஒலிக்கு ஒரு மில்லிசெகண்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தத் துளி வித்தியாசத்தை வைத்தே ஸ்பீக்கர் எந்தக் கோணத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும். அளந்து முடித்ததும் திரையில் உங்கள் அறையின் படம் வரும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் உண்மையிலேயே இருக்கிற இடத்தில் ஒரு புள்ளி. டேப் வைத்து அளந்து பார்த்தாலும் ஒத்துப்போகும். மைக்கின் முகப்பு மட்டும் நேராகத் திரையைப் பார்க்க வேண்டும். கோணலாக வைத்தால் அறையையே கோணலாக வரைந்துவிடும்.

இடம் தெரிந்ததால் என்ன லாபம்? இங்கேதான் ரீமேப்பிங் வருகிறது. ஒரு அடுக்குமாடி வீட்டில் இடது சுவர் முழுக்க பால்கனிக் கண்ணாடிக் கதவு. ஸ்பீக்கரை மாட்ட இடமே கிடையாது. பின்மூலையில், கூரைக்கு ஒரு முழம் கீழே மாட்டியிருந்தார்கள். மழை பெய்கிற காட்சியில் வலதுபுறம் மழை காதோரம், இடதுபுறம் மழை பின்மண்டையில். ரீமேப்பிங் போட்டால், அந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஒலியை ப்ராசஸர் பக்கத்து ஸ்பீக்கர்களோடு பங்கு போட்டுக் கொடுத்து, ஒலி உரிய இடத்திலிருந்து வருவதாகக் காதை நம்ப வைக்கும். போட்டேன். வீட்டுக்காரரின் மகள், பள்ளிக்கூடப் பிள்ளை, அவளைச் சோபாவில் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வருகிற இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். இடது பக்கச் சோதனை ஒலி வந்ததும் பால்கனிக் கண்ணாடியை நேராகக் காட்டினாள். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் தேடினாள்.

ரீமேப்பிங் போட்டால் ஒலியின் கூர்மை கொஞ்சம் மழுங்குகிறது என்று சொல்கிற சொந்தக்காரர்களும் உண்டு. ஒரே ஒலியை இரண்டு மூன்று ஸ்பீக்கர் பகிர்ந்து பாடும்போது அது நடக்கத்தான் செய்யும். ஸ்பீக்கரைச் சரியான இடத்தில் மாட்ட வழியிருந்தால் மாட்டுங்கள். வழியில்லாத வீட்டுக்குத்தான் இந்த வித்தை. என்னைக் கேட்டால், 32 சேனலை விட்டுவிட்டு அந்த நாலு காது மைக்குக்காகவே அந்தப் பெட்டியை வாங்கலாம். பணம் இருந்தால்.

32 சேனல் யாருக்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2012 டிசம்பரில் சிவாஜி 3டி படம் டால்பி அட்மாஸ் என்ற ஒலி வடிவத்தில் வந்தபோது தியேட்டரில் சுவர் முழுக்க, கூரை முழுக்க ஸ்பீக்கர் இருந்தது. இருக்க வேண்டும், நூற்றுக்கணக்கான பேர் உட்காருகிற இடம். அட்மாஸ் தியேட்டரில் 64 ஸ்பீக்கர் வரைக்கும் தனித்தனியாக ஓட்டலாம். 14 அடி அறையில் ஒரே ஒரு சோபா, அதில் மூன்று பேர். கீழே ஏழு, மேலே நாலு, நல்ல சப்வூஃபர் இரண்டு. போதும், போதும் என்று மேஜையைத் தட்டிச் சொல்வேன். சப்வூஃபர் இரண்டு என்பதுகூட நானாகச் சொல்லவில்லை. ஹர்மன் நிறுவனத்தில் டாட் வெல்ட்டி என்பவர் 2002இலேயே எத்தனை சப்வூஃபர், எங்கே வைத்தால் எல்லா இருக்கைக்கும் பேஸ் சமமாகப் போகும் என்று ஆராய்ந்தார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே பெரும்பகுதி காரியம் முடிந்துவிடுகிறது.

எண்களில் இன்னொரு மோகம், இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் உள்ள இடைவெளி. "நம்ம ப்ராசஸர் 120 டெசிபல் சார்" என்பார்கள். தலைக்கு மேலே ஸ்ப்ளிட் ஏசி 40 டெசிபலில் ஓடிக்கொண்டிருக்கும். சினிமா அளவுக்கு முழுச் சத்தம் வைத்தாலும் ஒரு ஸ்பீக்கரின் உச்சம் 105. மிச்சம் 65 டெசிபல்தான் உங்களுக்கு. 120ஐ ஏசியை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்றால், சென்னை மே மாதத்தில் யார் நிறுத்துவார்கள்?

வசனம் கேட்கவில்லை என்ற புகார் வேறு. அது வந்தால் நான் பெட்டிப்பக்கம் போகவே மாட்டேன். டிவி அலமாரிக்குள் செருகிவைத்த நடு ஸ்பீக்கரை வெளியே இழுத்து, முகத்தைக் காதுக்கு நேராக நிமிர்த்தி வைப்பேன். டைல்ஸ்மேல் கனமாக ஒரு கம்பளம், ஜன்னலுக்கு மடிப்பு வைத்த திரை. முக்கால்வாசிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். பெட்டி இருக்கட்டும், அறை எப்படி என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக, பழைய பாட்டு. அறுபதுகளின் சினிமாப் பாட்டு ஒற்றைத் தடம், மோனோ. அதை ப்ராசஸரின் டால்பி சரவுண்ட் முறையில் போட்டால், இடமும் வலமும் ஒரே ஒலி என்று கண்டுபிடித்து, முழுவதையும் நடு ஸ்பீக்கருக்கே அனுப்பிவிடும். அதுதான் சரி. பாடுகிறவர் எதிரில் நின்று பாடுவார். ஒரு சொந்தக்காரர் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார். "பதிமூணு ஸ்பீக்கர்ல ஒண்ணுதான் வேலை செய்யுது, காலையில ஆளை அனுப்புங்க." எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பாட்டே அப்படித்தான் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவு செலவு செய்து ஒற்றை ஸ்பீக்கரா என்று வேறு யாரையோ கூப்பிட்டு, எல்லா ஸ்பீக்கரும் பாடும்படி ஆரோமேட்டிக் என்ற இன்னொரு முறைக்கு மாற்றிக்கொண்டார். இப்போது அவர் வீட்டில் டி.எம்.எஸ். கூரையிலிருந்தும் பாடுகிறார். வீட்டுக்காரருக்குப் பரம திருப்தி.