தடயவியலுக்குப் போகணுமா? டிகிரியில என்ன எடுக்கலாம்?

பட்டுக்கோட்டை பக்கத்துல பிளஸ் டூ படிக்கிற ஒரு தங்கச்சி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, தடயவியல்ல வேலை பார்க்கணும்னு ஆசை. தனியார் காலேஜ்ல பி.எஸ்சி. ஃபாரன்சிக் இருக்கு. நெல்லு வித்த காசுல அப்பா ஃபீஸ் கட்டுறேங்குறாரு. சேரலாமா?"

நான் சாஃப்ட்வேர் ஆளு. ஆனா இதுல ஒரு குடும்பத்தோட காசும் மூணு வருஷமும் இருக்கு. அதனால உட்கார்ந்து படிச்சுப் பார்த்தேன். எனக்குப் புரிஞ்சது இதுதான்: பேர்ல 'ஃபாரன்சிக்' இருக்கணும்னு அவசியமில்ல, ஒரு அடிப்படை அறிவியல்ல ஆழம் இருக்கணும்.

இந்தத் துறை நம்ம ஊர்ல தொடங்கினதே வேதியியல்லதான். 1849-ல மெட்ராஸ்ல வந்த வேதியியல் பரிசோதகர் ஆய்வகத்தோட முக்கிய வேலை விஷத்தைக் கண்டுபிடிக்கிறது. இன்னைக்குத் தஞ்சாவூர்லயே வட்டார தடய அறிவியல் ஆய்வகம் இருக்கு. டெல்டாவுல பூச்சிமருந்து இல்லாத வீடு குறைவு. சந்தேக மரணம்னா, பிரேதப் பரிசோதனையில எடுத்த உள்ளுறுப்புகள் லேபுக்குப் போகும். எந்த மருந்துன்னு குரோமட்டோகிராபி மூலமா பிரிச்சுச் சொல்றது கெமிஸ்ட்ரி படிச்சவங்க.

தாவரவியலுக்கும் இடம் இருக்கு. வாய்க்கால்ல ஒரு உடல் கிடக்குது. மூழ்கி இறந்தாரா, இறந்தப்புறம் போட்டாங்களா? தண்ணியில டயாட்டம்னு கண்ணுக்குத் தெரியாத பாசி உண்டு. உயிரோட மூழ்கினா, அது நுரையீரல்லேர்ந்து ரத்தம் வழியா எலும்பு மஜ்ஜை வரைக்கும் போகலாம். அதை எடுத்து, அந்த வாய்க்கால் தண்ணியோட ஒப்பிடுவாங்க. இதை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது; ஆனா நல்ல துணைச் சான்று.

எங்க ஏரியாவுக்கு வந்தா, 2023 சாட்சியச் சட்டப்படி டிஜிட்டல் ஆதாரத்துக்கான சான்றிதழ்ல ஹேஷ் மதிப்பைக் குறிக்கணும். அது கம்ப்யூட்டர் படிச்சவங்க வேலை.

அதனால என் யோசனை. தஞ்சாவூர்லயே சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் கல்லூரி இருக்கு. அரசுக் கல்லூரி, ஃபீஸ் குறைவு. அங்க பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிங்க. ஃபாரன்சிக்கை எம்.எஸ்சி.யில எடுக்கலாம், காந்திநகர்ல தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகமே இருக்கு. வழியில மனசு மாறினாலும் கெமிஸ்ட்ரி டிகிரி கைவிடாது.

எங்க சேர்றதா இருந்தாலும், முதல்ல பழைய அரசு வேலை அறிவிப்புகளை எடுத்து, கல்வித் தகுதின்னு போட்டிருக்குற பத்தியைப் படிங்க. நீங்க சேரப்போற டிகிரி பேரு அதுல இருக்கான்னு பாருங்க. காலேஜ் நோட்டீஸை அதுக்கப்புறம் பார்க்கலாம்.

இன்னொண்ணு, லேப் ரெக்கார்டை காப்பி அடிக்காதீங்க. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுற பழக்கம்தான் இந்த வேலை. நாளைக்கு உங்க ரிப்போர்ட்டை வச்சு ஒரு வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணுவாரு. கூண்டுல நிக்கிற ஒருத்தரோட வாழ்க்கை அந்த வரியில இருக்கும்.

ஆள் தேவை கூடும்னுதான் தோணுது. 2024 ஜூலை 1-ல அமலான புதுச் சட்டப்படி, 7 வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை உள்ள குற்றங்கள்ல தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரணும். இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 5 வருஷம் வரை அவகாசம்.

இந்தத் துறையில இருக்குறவங்க யாராவது கேட்டா, விட்டதைச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.