பழங் கம்பளியில் ஓர் அங்கி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம் மேடையில் எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் கற்றறிந்தவர்கள். இலக்கியச் சுவை சொட்டச் சொட்டப் பேசினார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எளியேனுக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. ஆகவே, நம் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழங் கம்பளியைப் பற்றிச் சிறிது நேரம் பேச விழைகிறேன். “விழா மேடையில் கம்பளியா?” என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. சற்றே பொறுத்தருள்க!

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் கதையை அறியாத தமிழர் இலர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன் ஆண்ட பொதினி மலை, இன்றைய பழனி மலையே ஆகும். அம் மலைத்தொடர் மேற்கே நீண்டு மூணாற்றுப் பக்கத்து மலைகளோடு சேர்கிறது. தோகை விரித்தாடிய மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணி அவன் தன் போர்வையை அளித்தான் என்பர். கேட்காத உயிரின் குளிரையும் தானே உணர்ந்தானே, அவ்வுணர்வைத்தான் நாம் போற்றுகிறோம். அதே உணர்வு நம் இல்லங்களில் இருக்கின்றதா என்பதே இன்று நான் எழுப்பும் வினா.

நம் காலனியின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். இது 1956ஆம் ஆண்டில் ஒலவக்கோட்டுக் கோட்டமாகத் தோன்றிப் பின்னர்ப் பாலக்காட்டுக் கோட்டம் என்று பெயர் பெற்ற ரயில்வேக் கோட்டம். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கீழைக் காற்று வீசுகிறது. முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலமுள்ள அவ் வாயிலில் காற்றைத் தடுக்க மலை ஏது? விடியற்காலைப் பணிக்குச் செல்லும் கணவருக்குக் காப்பி கொடுப்பதற்காக இல்லத்தரசி நான்கு மணிக்கு முன்னரே எழுகிறார். கம்பளி எங்கே இருக்கிறது? உறங்கும் பிள்ளைகளின் மேல் இருக்கிறது. அவர் மேல் இருப்பது நூற்புடைவைத் தலைப்பு ஒன்றே! “போர்வை ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொள்ளலாமே” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு கை போர்வையைப் பற்றிக்கொண்டிருந்தால், மற்றொரு கையால் மட்டும் பாலைக் காய்ச்சிக் குடத்தைத் தூக்க முடியுமா? போர்வை படுத்திருப்பவர்க்கு ஏற்றது. எழுந்து வேலை செய்பவர்க்குக் கை நுழைத்து அணியும் அங்கி வேண்டும்.

இதனை மலையில் வாழும் நம் உறவினர் நெடுங்காலமாக அறிவர். நம்மில் பலருக்கு மூணாறு, தேவிகுளம், பீருமேடு, நெல்லியாம்பதி ஆகிய இடங்களில் உற்றார் உண்டு. குளிர்காலத்தில் மூணாற்றின் சில பகுதிகளில் வெப்பநிலை சுழியத்தைத் தொட்டுப் புல்லின் மேல் உறைபனி படிகிறது. அங்குத் தேயிலை கிள்ளிய நம் முன்னோர் கம்பளியை மடித்து, அதன் ஒரு முனையைக் கூம்பாக்கித் தலையில் மாட்டி, எஞ்சிய பகுதி முதுகை மூடுமாறு தொங்கவிட்டனர். இவ்வாறு மடித்ததைக் கொங்காடை என்றும் கொங்காணி என்றும் கூறுவர். தைக்காமலே ஆக்கிய மழையங்கி அது. இரு கைகளும் கொழுந்து கிள்ளத் தடையின்றி இருந்தன. குளிரும் மழையும் தொழிலாளியின் உயிர்ப் பிரச்சினை என்பதனால்தான், 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளிகள் வழங்குவதற்கு மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்று இடமளித்தது.

ஈரத்தில் கம்பளி உதவுவதற்குக் காரணம் உண்டு. ஆட்டு மயிரின் சுருள்களுக்கிடையே காற்று சிறைப்பட்டு நிற்கிறது. அக்காற்றே உடலின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. மேலும், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கிய பின்னும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றுவதில்லை.

பிற நாட்டாரும் இவ்வழியைக் கண்டவர்களே. தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைவாணர், கம்பளியின் நடுவே ஒரு பிளவு விட்டுத் தலையை நுழைத்துப் ‘போஞ்சோ’ என அணிகின்றனர். கனடாவின் பழங்குடி மக்கள், வணிகர் கொணர்ந்த கம்பளிகளை வெட்டிக் குளிர்கோட்டுகள் தைத்தனர். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1941ஆம் ஆண்டு ஜூன் முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. அப்பொழுது இல்லத்தரசிகள் கம்பளிகளைக் கோட்டுகளாக மாற்றினர். உள்ளதைச் செப்பனிட்டு உடுத்துமாறு 1943இல் அந்நாட்டு அரசாங்கமே சிறு நூல் வெளியிட்டு வழிகாட்டிற்று. ஆகவே, பழையதை வெட்டித் தைப்பது வறுமையின் அடையாளம் என்று எவரும் நாணவேண்டுவதில்லை.

நிற்க. இனித் தைக்கும் முறையைக் கூறுகிறேன். தையல் அறிந்த தாய்மார்கள் குறையிருப்பின் திருத்திக்கொள்வார்களாக.

முதலில் கம்பளியைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசி, முறுக்காமல் நிழலில் விரித்து உலர்த்துங்கள். வெந்நீரில் போட்டால் அது சுருங்கித் தடித்துவிடும். பின்பு வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பிடித்து, நைந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கியில் தோள்பகுதி நைந்த இடத்தில் அமையுமானால், உட்புறம் பழைய வேட்டித் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துவிடலாம்.

கம்பளி 90 அங்குல நீளமும் 60 அங்குல அகலமும் உடையது என்று கொள்வோம். நீளம் பாதியாகுமாறு மடியுங்கள். 45 அங்குல உயரமுள்ள இரட்டை மடிப்புக் கிடைக்கும். மடிப்பு மேலே இருக்கட்டும்; அதுவே தோள். மேலிருந்து 10 அங்குலம் கைகளுக்கு உரியது. அதற்குக் கீழே இரு பக்கங்களிலும் 18 அங்குல அகலத்தை வெட்டி நீக்கினால், நடுவே 24 அங்குல அகலம் உடலுக்கு நிற்கும். பருத்த உடலினர்க்கு 28 அங்குலம் விடுக. அக்குளில் நேர்மூலையாக வெட்டாமல் வளைவாக வெட்டுங்கள். இல்லையேல் கையைத் தூக்கும்பொழுது தையல் கிழியும்.

அடுத்து, மேல் மடிப்பை மட்டும் நடுவே மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறந்து, கழுத்தை வளைவாகக் கத்தரியுங்கள். முன்புறம் 3 அங்குலமும் பின்புறம் 1 அங்குலமும் இறக்கம் போதும். உட்புறத்தை வெளியே திருப்பி, கைமுனையிலிருந்து அக்குள்வரையிலும், அங்கிருந்து கீழ்நோக்கியும் தைத்து வாருங்கள். நடப்பதற்கு எளிதாகக் கீழே 9 அங்குலம் தைக்காமல் விடுங்கள். பொறியில் தைப்பவர்கள் 16 அல்லது 18ஆம் எண் ஊசியைப் பூட்டி, நீண்ட தையலாகப் போடவேண்டும்.

வெட்டி நீக்கிய நான்கு துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றில் 6 அங்குல அகலப் பட்டிகள் எடுத்து ஒன்றோடொன்று இணைத்து, ஒரு முன்விளிம்பில் தொடங்கிக் கழுத்தைச் சுற்றி மறு முன்விளிம்புவரை ஒற்றையாகத் தைத்தால், இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மார்பை மூடும். எஞ்சியதில் இரண்டு பைகளும் இடைக்கச்சையும் ஆகும். பழைய நூற்புடைவையைக் கிழித்து எல்லா விளிம்புகளுக்கும் பட்டி கட்டுங்கள். பிரியாமலும் இருக்கும், கழுத்தை உறுத்தவும் செய்யாது.

ஓர் எச்சரிக்கையை மறவாதீர்கள். அடுப்படியில் அணிவதற்கானால், கைகளை முழங்கைக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, முனையையும் குறுக்கிவிடுங்கள். இடைக்கச்சையின் நுனி தொங்கலாகாது. ஆட்டு மயிர்க் கம்பளி எளிதில் தீப்பற்றுவதில்லை. பற்றினாலும் கருகிப் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். இந்நாளில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை இழைப் போர்வைகளோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அவற்றால் ஆன அங்கியை அணிந்து அடுப்பருகே செல்லவே கூடாது.

மற்றோர் எச்சரிக்கை நம் போன்ற ரயில்வே ஊழியர்க்கு! ரயில்வே முத்திரை பொறித்த கம்பளியில் கத்தரிக்கோலை வைத்துவிடாதீர்கள். அந்த அங்கி தணிக்கை அதிகாரியின் முன்னிலையில் நமக்குக் குளிரை நீக்காது; வியர்வையையே வருவிக்கும்.

அன்பர்களே! நம் பெற்றோர் ஊரை விட்டு வந்தபொழுது ஒரு பெட்டியும் ஒரு கம்பளியும் கொண்டுவந்தனர். பெட்டி துருப்பிடித்துவிட்டது. கம்பளி மட்டும், எறிய மனமும் இன்றிப் பயன்படுத்த வழியும் இன்றி, நம்மிடம் கிடக்கிறது. அதனை அங்கியாக்கினால் இன்னும் பல ஆண்டுகள் அது நம்மோடு வாழும். ஆதலின், வரும் மார்கழிக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சங்கக் கட்டடத்தில் இரண்டு தையற்பொறிகளை வைத்து, இதனை யாவரும் கூடிச் செய்யலாம் என்று செயற்குழுவினரை வேண்டிக்கொள்கிறேன். ஆண்மக்களும் வந்து வெட்டவும் பட்டி கட்டவும் துணைபுரிய வேண்டும்.

தைத்து முடித்ததும் அங்கியை வீட்டில் யாருக்கு அளிப்பது என்று ஐயம் எழலாம். அனைவர்க்கும் முன்னால் எழுபவர் எவரோ, அவர்க்கே முதலங்கி உரியது. அவர் கேட்கமாட்டார், “எனக்கு எதற்கு?” என்றுதான் சொல்வார். அச்சொல்லை ஏற்றுக்கொள்ளாமல் அவர் தோளில் அதனை அணிவிப்போமாக.